ஊரின் கடைசிப் பலசரக்குக் கடையை மூடவிடாமல் காப்பது எப்படி?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விருதுநகர் பக்கம் ஒரு கரிசல் ஊர். முன்பு 200 வீடுகள். இப்போது 120 வீட்டில்தான் அடுப்பெரிகிறது, அதிலும் பாதி வீட்டில் வயதானவர்கள் மட்டும். இருக்கிற ஒரே பலசரக்குக் கடைக்காரர் வருகிற சித்திரையோடு மூடப்போவதாகச் சொல்லிவிட்டார். பஸ் ஒரு நடை நின்றுவிட்டது. ஊர்ப் பொதுப்பணம் 3 லட்சம் கையிலிருக்கிறது. "அதில் ஒரு கடைக் கட்டடம் கட்டினால் கடையும் மற்ற வசதிகளும் ஊரில் நிலைக்குமா?" என்று கேட்கிறார் சென்னையில் வேலை பார்க்கும் அந்த ஊர்த் தம்பி.

கட்டாதீர்கள், தம்பி. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் 27 வருஷம் செயலாளராக இருந்தவன் நான். நன்றாகக் கட்டிப் பூட்டிக் கிடக்கிற கட்டடங்களை அந்தக் காலத்தில் நிறையப் பார்த்துவிட்டேன். ஊரில் இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆள் போன வீடுகளே எண்பது கிடக்கின்றன. குறைவது கடைக்காரர் கையில் ரொக்கமும், அவருக்குப் பிறகு அந்தத் திண்ணையில் உட்கார ஓர் ஆளும்தான். 3 லட்சத்தையும் சிமெண்டில் போட்டுவிட்டால் இந்த இரண்டுக்கும் எதுவும் மிஞ்சாது.

முதலில் கடைக்காரரிடம் போய், பழைய பழக்கத்தில் உரிமையோடு, அந்தக் கடன் நோட்டைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். நம் பக்கத்துக் கடை நோட்டு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நீள நோட்டு, அட்டை கிழிந்து சணல் போட்டுக் கட்டியிருக்கும். ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம். மேலே பேர் இருக்காது. "கிணத்தடி வீடு", "மிலிட்டரி வீடு", "டெய்லர் அக்கா" என்று இருக்கும். சீனி அரைக்கிலோ, கடலை எண்ணெய் 200, சோப்பு 1. சில பக்கங்களில் கடைசி வரவு ஆறு மாதத்துக்கு முந்தையது. அந்த வீட்டுக்காரர்கள் இப்போது சாமான் வாங்க டவுனுக்குப் போகிறவர்களாக இருப்பார்கள். பாக்கி வைத்த கடை வாசலில் கையில் காசோடு நிற்கக் கூச்சம். அதனால் ரொக்கம் டவுனுக்குப் போகிறது, கடன் மட்டும் உள்ளூர்க் கடைக்கு வருகிறது. ஆள் குறைந்து மூடிய கடைகளைவிட இப்படி மூடிய கடைகள் அதிகம் என்பது என் அனுபவம்.

கடன் நோட்டு கனக்கக் கனக்க மொத்த வியாபாரியிடம் ரொக்கத்துக்கு வாங்க முடியாது. கடனுக்கு வாங்கினால் விலை கூடும். கம்பெனிச் சரக்கு கொண்டுவரும் லைன் வண்டி, "இந்த ஆர்டருக்கு டீசல் காசு கூட வராது அண்ணாச்சி" என்று சொல்லி வாரம் ஒருமுறை வந்ததை மாதம் ஒருமுறையாக்கும். தட்டில் சரக்கு குறையும். தட்டு காலியாகத் தெரிந்தால் வாங்க வருகிறவர்களும் குறைவார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு "ஊர் சுருங்கியதால் கடை போச்சு" என்று தோன்றும். உண்மையில் கடை சுருங்கியது ஊரை முந்திக்கொண்டுதான்.

120 வீடு ஒரு கடைக்குப் போதுமா என்று ஒரு தோராயக் கணக்குப் போடுவோம். கடைக்காரருக்கு மாதம் 12,000 ரூபாயாவது கையில் நிற்க வேண்டும். கரண்ட், சரக்கு ஏற்றிவரும் ஆட்டோ எல்லாம் சேர்த்து 3,000 வையுங்கள். ஆக 15,000. எல்லாச் சரக்கையும் கலந்து நூற்றுக்குப் பத்து நிற்கிறது என்றால் மாத வியாபாரம் ஒன்றரை லட்சம். 120 வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 1,250 ரூபாய், ஒரு நாளைக்கு 42 ரூபாய். எந்த வீடு தம்பி, எண்ணெய், பருப்பு, தேயிலை, சோப்புக்கு மாதம் 1,250 ரூபாய் செலவழிக்காமல் இருக்கிறது? ஆக, வீடுகளின் எண்ணிக்கை போதும். அந்த 1,250 எங்கே செலவாகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நான் மற்ற எதையும்விட இதை அழுத்திச் சொல்கிறேன்: பணத்தை எங்கே எடுக்கிறோமோ அங்கேதான் செலவழிக்கிறோம். இன்று இந்த மாதிரி ஊர்களுக்குள் வரும் பணத்தில் பெரும்பங்கு வங்கிக் கணக்கு வழியாக வருகிறது. உங்கள் ஊரில் 70 பெண்களுக்கு மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வருகிறது என்று வையுங்கள், 70,000. 50 பேருக்கு முதியோர் பணம் 1,200 என்றால் 60,000. இரண்டும் சேர்ந்து 1,30,000. கடைக்கு வேண்டிய வியாபாரத்தில் பெரும்பகுதி இதிலேயே இருக்கிறது. நூறு நாள் வேலைக் கூலியும் பால் பணமும் இதற்கு மேல். ஆனால் அந்த ஆயிரம் ரூபாயை எடுக்க ஓர் அம்மா டவுன் ஏ.டி.எம்.முக்குப் போனால், எடுத்த கையோடு எதிர்க்கடையில் மாதச் சாமானை வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறுவார். போன காலுக்கு அதுதான் நியாயம், அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆகவே கடையைக் காப்பாற்ற வேண்டுமானால் முதலில் ஊருக்குள் பணம் எடுக்கும் வழியைக் கொண்டுவாருங்கள். 1904இல் திருவள்ளூருக்குப் பக்கத்தில் திரூரில் கூட்டுறவுக் கடன் சங்கம் தொடங்கியதும், ரொக்கம் புழங்காத ஊருக்குள் ரொக்கத்தைக் கொண்டுவரத்தான். இன்று அதற்கு மூன்று வழி உண்டு. கிளைத் தபால் ஆபீஸ் இருந்தால், 2018இல் தொடங்கிய அஞ்சலகப் பேமெண்ட்ஸ் வங்கி வழியாக, எந்த வங்கிக் கணக்கானாலும் ஆதார் இணைந்திருந்தால் கைரேகை வைத்துப் பணம் எடுக்கலாம். கூட்டுறவுச் சங்கத்தில் மைக்ரோ ஏ.டி.எம். (பணம் எடுக்க உதவும் சிறு கருவி) இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால், ஒரு வங்கியின் முகவராக உள்ளூர் ஆள் ஒருவர் பதிவு செய்துகொள்ளலாம். கடைக்காரரே அந்த முகவரானால் மிக நல்லது.

இதில் ஒரு சிக்கலைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கம் பல பெண்கள் வயதெல்லாம் தீப்பெட்டி ஒட்டியவர்கள், ரேகை தேய்ந்திருக்கும். ஒரு பாட்டி கருவியில் விரலை வைக்கிறார், சிவப்பு விளக்கு. முந்தானையில் துடைத்து வைக்கிறார், சிவப்பு. வேறு விரல், சிவப்பு. நாலாவது முறை, "எம் பணத்த எடுக்க எங்கையி பத்தலையாய்யா?" என்று கேட்டார். அந்த மாதிரி ஆட்களைப் பொறுமையாக உட்காரவைத்து, விரலைக் கொஞ்சம் ஈரப்படுத்தித் துடைத்து, பத்து விரலையும் முயன்று பார்க்கிற ஆள் வேண்டும். ஆயிரம் ரூபாய்க்குப் பத்து, இருபது என்று பிடித்துக்கொள்கிற ஆளும் வரக்கூடாது. முதல் மாதமே, ரசீது இல்லாமல் யாரும் எழுந்து போகக்கூடாது என்று ஊரில் சொல்லி வையுங்கள்.

அடுத்து, கடையை யார் நடத்துவது? "ஊரே நடத்தலாம், சங்கம் நடத்தலாம்" என்று யாராவது சொல்வார்கள். நான் இருந்த சங்கத்தில் அதைச் செய்து தோற்றோம். நல்ல எண்ணத்தோடுதான் ஒரு பலசரக்குப் பிரிவைத் திறந்தோம். சம்பள ஆள், காலை பத்து மணிக்குத் திறப்பு, ஐந்துக்கு அடைப்பு. ஆனால் கிராமத்துக் கடைக்கு உயிர் காலை ஐந்தரைக்கும் ராத்திரி எட்டுக்கும்தான். காட்டு வேலைக்குப் போகுமுன் தேயிலைத்தூள் வேண்டும், திரும்பி வந்ததும் தக்காளியும் எண்ணெயும் வேண்டும். பத்து மணிக்கு ஊரில் யார் இருப்பார்? இரண்டு வருஷத்தில் கெட்டுப்போன சரக்கை இருப்புப் புத்தகத்திலிருந்து கழிக்க, ஒவ்வொன்றாக எண்ணி எழுதியது என் கைதான். பிஸ்கட் பெட்டிகளைக் கொட்டிய அந்தச் சாயங்காலம் இன்னும் மனதில் உறுத்துகிறது. ஆகவே, சொந்தக் கடையாக நினைத்து விடியற்காலையில் கதவைத் திறக்கும் ஓர் ஆளை வைத்துக்கொண்டு, ஊர் அவருக்குப் பின்னால் நில்லுங்கள். ஊர் முதலாளி ஆக வேண்டாம்.

அந்த 3 லட்சத்துக்கு நான் சொல்லும் வழி இது. ஒரு லட்சத்தைச் சுழல் நிதியாக வையுங்கள். கடைக்காரர் அதிலிருந்து எடுத்து விருதுநகர் மொத்தக் கடைகளில் பருப்பு, எண்ணெய், வத்தல் எல்லாம் ரொக்கத்துக்கு வாங்கட்டும். விருதுநகர் இந்தச் சரக்குகளுக்குத் தமிழ்நாட்டுக்கே பெரிய சந்தை. இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு மூன்றாம் கை விலைக்கு வாங்குவது வீண். விற்ற பிறகு மாதக் கடைசிக்குள் எடுத்ததை நிதியில் திருப்பிக் கட்ட வேண்டும். மூன்று பேர் கையெழுத்துள்ள வங்கிக் கணக்கு. மாதம் ஒருமுறை ஊர்ப் பொதுச் சாவடியில் வைத்துக் கணக்கை வாய்விட்டு வாசிக்க வேண்டும். இதில் தயவுதாட்சண்யம் பார்த்தால் ஆறு மாதத்தில் ஊர் இரண்டாகப் பிரிந்து நிற்கும். ஒரு முப்பது, நாற்பதாயிரத்தில் குளிர்பெட்டியும் பழுது பார்த்த தட்டுகளும். மீதியைத் தொடாதீர்கள்.

பழைய பாக்கிக்கு ஒரு வழி செய்யாமல் இதைத் தொடங்க வேண்டாம். பாக்கியைப் பத்துத் தவணையாகப் பிரித்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதல் தவணை கட்டியவருக்குக் கடையில் பழைய மரியாதை. புதுக் கடனுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று ஓர் உச்சவரம்பு. பெரியவர்கள் இரண்டு பேர் வீடு வீடாகப் போய்ப் பக்குவமாகப் பேசினால் பாதிக்கு மேல் வந்துவிடும். வராத பாக்கியை விட்டுவிடச் சொல்லுங்கள். ஆளாவது கடைக்குத் திரும்பி வரட்டும்.

விலையைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசிக்கொள்ளுங்கள். உள்ளூர்க் கடை டவுன் சூப்பர் மார்க்கெட் விலைக்கு விற்க முடியாது. ஜப்பானில் கடைக்குப் போக முடியாத முதியவர்களுக்காக 2012இல் தொடங்கிய தோக்குஷிமாரு என்ற நடமாடும் கடைகள் இதைத் திறந்தே சொல்லிவிட்டன. சிறு வண்டியில் பக்கத்துச் சூப்பர் மார்க்கெட் சரக்கை ஏற்றிக்கொண்டு வீட்டு வாசலுக்கு வருவார்கள். கடை விலைக்கு மேல் ஒரு பொருளுக்கு 10 யென் கூடுதல் என்று விதி வைத்தார்கள். எதற்காகக் கூட என்று வாங்குகிறவருக்குத் தெரியும், அதனால் முணுமுணுப்பு இல்லை. உங்கள் ஊரிலும் "கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூட, அது கடை ஊரில் இருப்பதற்கு" என்று ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிடலாம். ஒளித்து வைத்த இரண்டு ரூபாய்தான் சண்டையாகும்.

இனி மற்ற வசதிகள். தையல், முடிதிருத்தம், சைக்கிள் ரிப்பேர், மருந்துக் கடை எல்லாம் 120 வீட்டை நம்பித் தினமும் திறந்திருக்க முடியாது. அவற்றை நிரந்தரமாகக் கொண்டுவரப் பார்த்தால் வருகிறவர் நொடித்துப்போவார். இதற்கு நம் முன்னோர்களே வழி கண்டிருக்கிறார்கள், வாரச்சந்தை. ஓர் ஊரின் வாங்கும் சக்தி ஒரு வியாபாரியைத் தாங்காது என்பதால்தான் திங்கள் ஓர் ஊர், செவ்வாய் ஓர் ஊர் என்று சுற்றினார்கள். ஏழு ஊர் சேர்ந்து ஒரு வியாபாரியைத் தாங்கின. அதையே நீங்கள் சேவைகளுக்குச் செய்யுங்கள். மாதத்தில் இரண்டு நாள் குறித்துக்கொள்ளுங்கள், உரிமைத் தொகை கணக்கில் ஏறும் வாரத்தில் ஒன்று, பதினைந்து நாள் கழித்து ஒன்று. பகுதி நேர ரேஷன் கடை திறக்கும் நாளும், பணம் எடுக்கும் நாளும், முடிதிருத்துபவர், தையல்காரர், மிக்சி ரிப்பேர்காரர் வரும் நாளும், இ-சேவைக்கு மடிக்கணினியோடு ஒரு பிள்ளை உட்காரும் நாளும் அதே நாளாக இருக்கட்டும். இடமும் ஒன்றாக, கடைக்கு எதிர்த்தாற்போல் உள்ள சாவடியாக இருக்கட்டும். தனித்தனியாக வந்தால் ஒவ்வொருவருக்கும் ஐந்து பேர்தான் வருவார்கள். ஒரே நாளில் வந்தால் நூறு பேர் கூடுவார்கள், அந்த நூறு பேரும் கடை வாசலைத் தாண்டித்தான் போயாக வேண்டும்.

ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைக்காக டவுனுக்கு அலைவது 2021 ஆகஸ்டில் தொடங்கிய, வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தால் பெரிதும் குறைந்திருக்கிறது. உங்கள் ஊருக்குத் தன்னார்வலர் ஒழுங்காக வருகிறாரா என்று மட்டும் பாருங்கள். 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியோருக்கு ரேஷன் வீடு தேடி வருகிறது. நடக்க முடியாதவர்களுக்கு அது பெரிய உதவி. அவர்களுக்கான பலசரக்கையும் அதே மாதிரி கடைக்காரர் வாசலில் கொண்டுபோய்க் கொடுத்தால், அந்த வீடுகள் கைவிட்டுப் போகாது.

பஸ் விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். 2021 மே முதல் அரசின் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எத்தனையோ பெண்கள் வேலைக்கும் படிப்புக்கும் போனது அதனால்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அதே பஸ் டவுன் கடையையும் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டது என்பதும் உண்மை. ஆனாலும் கடைக்காக பஸ் வேண்டாம் என்று யாரும் நினைக்கக்கூடாது. பஸ் நின்றால் ஆளே போய்விடும். குறிப்பாகச் சாயங்காலம் டவுனிலிருந்து திரும்பும் கடைசி நடை. காலை நடை போனால் எப்படியோ சமாளிப்பார்கள். கடைசி நடை போனால் மில்லுக்கும் கடை வேலைக்கும் போகிறவர்கள் டவுனிலேயே ஒற்றை அறை பார்த்துக்கொள்வார்கள். அடுத்த ஜூனில் பிள்ளைகளின் டி.சி. வாங்கிவிடுவார்கள். உங்கள் ஊரில் நின்றது எந்த நடை என்று நீங்கள் எழுதவில்லை. அதுதான் முக்கியம்.

போக்குவரத்துக் கழகக் கிளைக்கு மனு கொடுக்குமுன் இரண்டு வாரம் கணக்கெடுங்கள். எந்த நேரத்தில் எத்தனை பேர் ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள், எத்தனை பேர் ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருக்கிறார்கள் என்று ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதினால் போதும். புது நடை கேட்பதைவிட, இருக்கும் நடையின் நேரத்தை மாற்றிக் கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம். அந்தக் கணக்கோடு கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு கூட்டம் இருக்கிறது. அரசு பஸ் முடியாது என்றால் மினி பஸ். 1997இல் வந்த அந்தத் திட்டத்தை 2025 ஜூனில் புது விதிகளோடு மறுபடி தொடங்கினார்கள், வழித்தடம் 25 கிலோமீட்டர் வரை போகலாம். பக்கத்தில் உங்களைப் போலவே பஸ் இல்லாத இரண்டு மூன்று ஊரைச் சேர்த்துக்கொண்டு கேட்டால், முதலாளிக்கும் ஓட்டக் கட்டுப்படியாகும்.

பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு வார்த்தை. பிறப்பு குறைந்த மாநிலம் இது, எத்தனை நல்ல வாத்தியார் வந்தாலும் பிள்ளைகளின் எண்ணிக்கை பழையபடி ஆகாது. பக்கத்து ஊரோடு சேர்ந்து இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு பள்ளியைப் பலப்படுத்துவதே நடக்கக்கூடியது.

தண்ணீர் மட்டும் இதற்கெல்லாம் முந்தியது. தூத்துக்குடி மாவட்டம் செக்காரக்குடிப் பக்கம் மீனாட்சிபுரம் என்று ஒரு ஊர். 2001 மக்கள்தொகைக் கணக்கில் ஆயிரம் பேருக்கு மேல் இருந்த ஊர். குடிதண்ணீர்ப் பஞ்சத்தில் ஒவ்வொரு வீடாகக் கிளம்பி, கடைசியில் ஒரே ஒரு முதியவர் மட்டும் இருந்தார். 2024இல் அவரும் இறந்துபோனார். உங்கள் ஊர்க் குழாயில் தண்ணீர் ஒழுங்காக வரவில்லையென்றால் கடையை ஒத்திவைத்துவிட்டு முதலில் அதற்காக அலையுங்கள்.

கடைசியாக, உங்களைப் போல் வெளியில் இருக்கும் பிள்ளைகள். பங்குனிப் பொங்கலுக்கு ஆளுக்கு ஐயாயிரம், பத்தாயிரம் வரி அனுப்புகிறீர்கள். நல்லது. அதோடு இன்னொன்று செய்யுங்கள். ஊரில் இருக்கும் உங்கள் அம்மாவின் மாதச் சாமானுக்கான பணத்தை, ஒன்றாம் தேதியே கடைக்காரருக்கு ஜிபே போட்டுவிடுங்கள். அம்மாவுக்கு அனுப்பினால் அது பேரன் பீசுக்கும் மருந்துக்கும் போய்விடும், கடையில் மறுபடி கடன் நோட்டுதான். சென்னை, திருப்பூர், சிங்கப்பூர் என்று இருக்கும் இருபது பிள்ளைகள் ஆளுக்கு 1,500 போட்டால், ஒன்றாம் தேதி காலையில் கடைக்காரர் கையில் 30,000 ரூபாய் வட்டியில்லா முன்பணம் இருக்கும். அவர் அதைக் கொண்டு சரக்கெடுப்பார். அம்மா சிட்டையைக் கொடுத்து வாங்கிக்கொள்வார், அவர் தலை குனிந்து நிற்க வேண்டியதில்லை. அம்மா இரண்டு நாளாகக் கடைப்பக்கம் வரவில்லையே என்று உங்களுக்கு முதலில் போன் செய்யப்போவதும் அந்தக் கடைக்காரர்தான்.

இதையெல்லாம் ஊர்க் கூட்டத்தில் வைக்குமுன் கடைக்காரரைத் தனியாகப் பார்த்து, அவர் மூடுவது காசு இல்லாமலா, உடம்பு முடியாமலா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உடம்புதான் என்றால், சுயஉதவிக் குழுவில் கணக்கு எழுதிப் பழகிய பெண் யாராவது ஒருவர் சித்திரை வரை அவரோடு கடையில் உட்கார்ந்து, யாருக்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம், எந்தச் சரக்கு எந்த மாதம் ஓடும் என்று கற்றுக்கொள்ளட்டும். அது எந்த நோட்டிலும் எழுதியிராது, அவர் தலையில் மட்டும்தான் இருக்கிறது. நின்றுபோன நடையின் நேரம், தபால் ஆபீஸ் எவ்வளவு தூரம், கடன் நோட்டின் மொத்தத் தொகை, இந்த மூன்றையும் எழுதுங்கள். சுழல் நிதிக்கு எழுத வேண்டிய ஒப்பந்த வாசகத்தை நானே எழுதித் தருகிறேன்.